கத்தோலிக்க பிரைமரி ஸ்கூலில் 'பாரம்பரியம்', 'விழுமியம்' என்றால் நடைமுறையில் என்ன?

கேள்வி இதுதான்: "பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். நாங்கள் இந்துக்கள், வீட்டில் தமிழ். பக்கத்தில் இருக்கும் கத்தோலிக்க பிரைமரி ஸ்கூலில் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு சீட் கிடைத்திருக்கிறது. அவர்கள் கொடுத்த சிறு புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'நமது பாரம்பரியம்', 'விழுமியங்கள்', 'பள்ளிக் குடும்பம்' என்று இருக்கிறது. இதற்கெல்லாம் என்ன பொருள்? மதம் மாற்றிவிடுவார்கள் என்று என் மாமியார் பயப்படுகிறார். பிள்ளையின் தமிழ் என்ன ஆகும்? அடுத்த வாரம் பிரின்சிபாலைப் பார்க்கப் போகிறோம். என்ன கேட்பது?"

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது, வளர்ந்தது சிவாஜிநகர். தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். இந்த ஊரில் இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் பிரைமரி டீச்சராக இருந்தேன், பெரும்பாலும் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும். அதனால் என் பேச்சில் பாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

மாமியாரின் பயத்தை முதலில் முடித்துவிடலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 868-ம் விதிப்படி, ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்க அப்பா அம்மாவில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். பிள்ளை அந்த விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். உயிர் போகும் நிலையில் இருக்கும் குழந்தை மட்டும்தான் விதிவிலக்கு. நாட்டுச் சட்டமும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தப் பள்ளியிலும், காப்பாளர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது. 2024-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, அதாவது பிஷப்புகளின் அமைப்பு, நாடு முழுக்க இருக்கும் தன் பள்ளிகளுக்கு, சுமார் 14,000 பள்ளிகளுக்கு, ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. பிற சமயப் பிள்ளைகள் மேல் நம் மரபுகளைத் திணிக்காதீர்கள், காலை அசெம்பிளியில் அரசியல் சாசன முகவுரையை வாசிக்கச் செய்யுங்கள் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

இதெல்லாம் தாளில் இருப்பது. நான் கண்ணால் பார்த்தது என்ன என்றால், இந்த முப்பத்தோரு வருடத்தில் ஸ்கூலால் மதம் மாறிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. வீட்டுப் பூஜை அறையில் பிள்ளையாருக்கு முன்னால் கை கூப்பி "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்து, பாட்டியைத் திடுக்கிட வைத்த பிள்ளைகள் நிறைய உண்டு. உங்கள் வீட்டிலும் ஒருநாள் நடக்கும். மாமியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, பாரம்பரியத்துக்கு வருவோம். அதற்கும் முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்தப் பள்ளி உண்மையில் கத்தோலிக்கப் பள்ளிதானா? சிரிக்காதீர்கள். பெங்களூரில் வாசலில் சிலுவை இருந்தால் எல்லாமே நமக்கு 'கான்வென்ட்' தான். 1865-ல் ஆரம்பித்த பிஷப் காட்டன் ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து வந்தது. 1880-ல் ஆரம்பித்த பால்ட்வின் மெதடிஸ்ட்காரர்களுடையது. இரண்டிலும் பிள்ளையைச் சேர்த்துவிட்டு 'கத்தோலிக் ஸ்கூல்' என்று சொல்லிக்கொள்ளும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு வகையும் உண்டு. ஒரு புனிதரின் பெயரை மட்டும் போர்டில் எழுதிக்கொண்டு தனியார் நடத்துவது. திருச்சபைச் சட்டப்படி, ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தப் பள்ளியும் தன்னைக் 'கத்தோலிக்கப் பள்ளி' என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே நடத்துவது பேராயரின் நிர்வாகமான உயர்மறைமாவட்டமா, ஏதாவது துறவற சபையா என்று கேளுங்கள். ஒரே வரியில் பதில் வர வேண்டும். சுற்றி வளைத்தால் யோசியுங்கள்.

இந்த ஊரில் இப்பள்ளிகள் எப்படி வந்தன என்பது தமிழர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை. ஏனென்றால் அதில் பாதி நம் ஆட்களின் கதை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த பிரிட்டிஷ் படை 1809-ல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தபோது, படைக்குப் பின்னால் ஒரு ஊரே வந்தது. சமையல்காரர், துணி வெளுப்பவர், கொத்தனார், குதிரைக்காரர், சிறு கான்ட்ராக்டர். பெரும்பாலானவர்கள் தமிழ் பேசியவர்கள். அதனால்தான் கண்டோன்மென்டை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் 'தண்டு' (படை) என்கிறார்கள். இப்போதைய சிவாஜிநகர் அப்போது பிளாக்பள்ளி. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களுக்காக பிரெஞ்சுக் குருவான ஆபே துபுவா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூரை வேய்ந்த ஒரு சின்ன ஆலயம் எழுப்பினார். காணிக்கை மாதா கோயில் என்று பெயர். இன்று மெட்ரோ வேலைத் தூசிக்கும் ரஸ்ஸல் மார்க்கெட் கூட்டத்துக்கும் நடுவே கூர்மாடத்தோடு நிற்கும் மரியன்னை பசிலிக்கா அந்தக் கூரைக் கோயிலின் வழிவந்ததுதான். இப்போதுள்ள கட்டடம் 1882-ல் அர்ச்சித்துத் திறக்கப்பட்டது.

பள்ளிகள் அதற்குப் பின்னால், அல்லது கூடவே வந்தன. பிரான்சிலிருந்து நல்லாயன் சபைக் கன்னியர் 1854-ல் வந்தார்கள். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள் 1858-ல் செயின்ட் ஜோசப்ஸை ஆரம்பித்தார்கள். அது 1937-ல் இயேசு சபையாரிடம் போனது. இவையெல்லாம் பெரிய பெயர்கள், இவற்றைப் பற்றி எங்கும் படிக்கலாம். எழுதப்படாமல் போனவை பங்குப் பள்ளிகள். 'பங்கு' என்றால் ஒரு கோயிலைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் வட்டம். கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே நாலு அறை, ஓட்டுக்கூரை, தமிழ் மீடியம், ஃபீஸ் ஓரிரண்டு ரூபாய். அதைக்கூடக் கட்ட முடியாவிட்டால் பங்குச் சாமியார் பார்த்துக்கொள்வார். என் அம்மா அப்படி ஒன்றில்தான் ஐந்தாவது வரை படித்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெரிய கான்வென்டின் மதிலுக்கு வெளியே அவளைப் போன்ற பிள்ளைகள், மதிலுக்கு உள்ளே அதிகாரிகளின் பிள்ளைகள். இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள்தான். பாரம்பரியம் என்று யாராவது ஒற்றைச் சொல்லில் சொல்லும்போது, எந்தப் பாரம்பரியம், மதிலுக்கு எந்தப் பக்கம் என்று எனக்குள் ஒரு கேள்வி வரும்.

'விழுமியங்கள்' என்று அந்தப் புத்தகத்தில் இருப்பதை நீங்கள் அப்படியே படித்தால் ஒன்றும் புரியாது. அன்பு, நேர்மை, சேவை, ஒழுக்கம் என்று எல்லா ஸ்கூலும் போடுவதைத்தான் இவர்களும் போட்டிருப்பார்கள். நடத்தும் சபை எது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். ஒவ்வொரு சபைக்கும் ஒரு நிறுவனர் உண்டு, அவருக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம்தான் பள்ளியின் குணமாக இறங்கியிருக்கும்.

தொன் போஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1815-ல் பிறந்த இத்தாலியர். டூரின் நகரத்துத் தெருப்பையன்களோடு வாழ்ந்தவர். அடித்துத் திருத்துவதை அவர் ஏற்கவில்லை. தப்பு நடப்பதற்கு முன்னாலேயே பிள்ளையோடு கூட இரு என்பது அவர் முறை. பகுத்தறிவு, சமயம், கனிவு மூன்றும் அதன் கால்கள். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்று 1884-ல் ரோமிலிருந்து ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் நிறுவிய சலேசிய சபையின் பள்ளிகளில் ரீசஸ் நேரத்தில் ஃபாதர்கள் மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்பது இதனால்தான். ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தால் அவர் நிறுவனரையே மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நல்லாயன் கன்னியரின் நிறுவனர் மரிய யூப்ரேசியா. ஓர் ஆள் ஓர் உலகத்தைவிடப் பெரிது என்பது அவர் வாக்கு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போகும் ஆயன் என்ற லூக்கா நற்செய்தி உவமையைத்தான் அவர்கள் சபைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள், அதில் 'ப'வையும் 'ட'வையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரு பிள்ளை என்று வரும்போது, அந்த ஒன்றைத் தேடிப் போக டீச்சருக்கு எங்கே நேரமும் ஆள் பலமும் இருக்கிறது? தேடிப் போன பள்ளியும் பார்த்திருக்கிறேன், 'பிள்ளைக்கு வேறு ஸ்கூல் பாருங்கள்' என்று மரியாதையாகக் கைகழுவிய பள்ளியும் பார்த்திருக்கிறேன். இரண்டின் சுவரிலும் அதே ஆயன் படம்தான் இருந்தது.

தெலசால் அருளப்பரை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1651-ல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் பிறந்தவர். 1950-ல் ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று பாப்பரசர் அறிவித்தார். அவர் காலத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதை லத்தீனில்தான் தொடங்குவார்கள். இவர் ஏழைப் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசும் பிரெஞ்சிலேயே தொடங்கினார். பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்துப் பாடம் கேட்காமல் ஒரே வகுப்பாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகம் முழுக்க 'கிளாஸ்' என்று நாம் நினைப்பதற்கு அவருக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறோம். இவரை மறுபடி கூப்பிடுவேன், தமிழ் பற்றிப் பேசும்போது.

ஒரு நாள் எப்படி இருக்கும்? காலை எட்டு முப்பத்தைந்துக்கு முதல் மணி. எட்டு நாற்பதுக்கு அசெம்பிளி. ஒரு செபம், ஒரு பாட்டு, ஒரு வாசகம். வாசகம் பைபிளிலிருந்தும் வரும், திருக்குறளிலிருந்தும் கன்னடத்துப் பசவண்ணரின் வசனத்திலிருந்தும் வரும். அது பிரின்சிபாலைப் பொறுத்தது. மத்தியானம் பன்னிரண்டுக்கு மணி அடித்தால் சில பள்ளிகளில் எல்லாரும் எழுந்து நின்று மூவேளை செபம் சொல்வார்கள். மற்றப் பிள்ளைகள் சும்மா நிற்கலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை சும்மா நிற்காது, பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று பீரியட் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஓர் அறைக்கும் மற்றவர்கள் மாரல் சயின்ஸுக்கு இன்னோர் அறைக்கும் போவார்கள். உங்கள் மகள் இரண்டாவதில் இருப்பாள். எறும்பும் புறாவும், பொய் சொன்ன இடையன், தாத்தா பாட்டிக்கு உதவுதல் என்று அது ஒரு மாதிரி போகும். உண்மையைச் சொன்னால், மாரல் சயின்ஸ் புத்தகத்தால் நல்லவனான பிள்ளை யாரையும் எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் பழகிக்கொள்வது வேறு இடங்களில். தவக்காலம் வரும், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள். முதல் நாள் சாம்பல் புதன். போன வருடக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை குரு நெற்றியில் பூசுவார். ஒரு வருடம் அப்படி நெற்றியில் சாம்பலோடு பிள்ளைகள் வகுப்புக்குள் வந்ததும், தினமும் விபூதி இட்டு வரும் ஒரு பையன் பக்கத்து பெஞ்சைக் காட்டி, "மிஸ், இன்னைக்கு இவனும் எங்க ஆளா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "ஆமா, உக்காரு" என்றேன். இன்றுவரை அதைவிட நல்ல பதில் தோன்றவில்லை.

அந்த நாற்பது நாளும் வகுப்பு மேசையில் ஒரு டப்பா இருக்கும். சாக்லேட்டுக்கு வைத்திருந்த காசை யாருக்கும் தெரியாமல் அதில் போட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரச் சொல்வோம். பிளாஸ்டிக் கவரில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், கர்சீப்பில் முடிந்து வரும். பொன்னி, சோனா மசூரி, பாசுமதி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழும். அந்தச் சாக்கு ஓசூர் ரோட்டில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போகும். அந்தக் கன்னியர் யாசகம் கேட்டே முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். ஒருமுறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். கலந்த அரிசி ஒரே பதமாக வேகாதே என்று நான் கவலைப்பட்டேன். அங்கிருந்த சிஸ்டர், "கஞ்சிக்கு எல்லா அரிசியும் ஒண்ணுதான்" என்று சாக்கை வாங்கி வைத்தார்.

இன்னொன்று. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு முன்னால் ஸ்டாஃப் செபத்தில் பாதம் கழுவும் சடங்கு. இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவு. என் இரண்டாவது பள்ளியில் பிரின்சிபால் சிஸ்டர் தண்ணீர்ப் பேசினோடு நேராக ஆயாம்மாவிடம் போய் மண்டியிட்டார். ஆயாம்மா காலை இழுத்துக்கொண்டாள். "வேணாம் சிஸ்டர், வெடிப்பு இருக்கு." சிஸ்டர் விடவில்லை. கழுவி, துண்டால் விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். நாங்கள் எல்லாரும் அழுதோம். அதே சிஸ்டர்தான் அந்த ஆயாம்மாவின் சம்பள உயர்வை இரண்டு வருடம் தள்ளிப்போட்டதும். நிர்வாகக் கூட்டத்தில் நிதி இல்லை என்றார்கள். அந்த வருடம்தான் புது ஸ்மார்ட் போர்டு வந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பள்ளிகளைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

'பள்ளிக் குடும்பம்' என்பதை வெறும் விளம்பரச் சொல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெங்களூரில் அது விநோதமான குடும்பம். பிரின்சிபால் மலையாளி சிஸ்டர், கணக்கு டீச்சர் மங்களூர் கொங்கணி, பாட்டு மிஸ் ஆங்கிலோ இந்தியன், ஆபீஸ் கிளார்க் கன்னடக்காரர், ஆயாம்மாவும் வாட்ச்மேனும் தமிழ். இதில் யார் மேசைக்கு இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்பதைக் கவனித்தால் கொஞ்சம் வலிக்கும், அது தனிக் கதை. செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள், எல்லாரும் ஒன்றுகூடும் நாள். கொங்கணிப் பிள்ளைகள் புது நெற்கதிர் ஆசீர்வாதம், மாதாவுக்குப் பூ என்று மோந்தி விழா கொண்டாடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது சிவாஜிநகர் தேர். ஆகஸ்ட் 29-ல் கொடி ஏறும், ஒன்பது நாள் நவநாள், பிறகு சேலை உடுத்திய மாதா தேரில் வருவாள். காவிச் சேலை கட்டிக்கொண்டு வரும் பெண்களில் கத்தோலிக்கர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் மாமியாரை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். வேளாங்கண்ணிக்குப் போன மாதிரி இருக்கிறது என்பார். முதலில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவரே அவராகத்தான் இருக்கும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சின்னச் சங்கடம் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அந்த வயதையொட்டித்தான் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவது. வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி, கேக், போட்டோ. உங்கள் மகளின் உயிர்த் தோழி அப்படி நிற்பாள். "எனக்கு ஏன் இல்லை?" என்று வீட்டில் ஒரு ராத்திரி அழுகை நடக்கும். அது மதம் மாறும் ஆசை இல்லை, கவுன் ஆசை. என் வகுப்பில் அப்படி ஒருத்தி அழுதபோது, சிஸ்டர் அவளைக் கோயில் வாசலில் பூக்கூடை பிடிக்க நிறுத்தினார். அம்மா பட்டுப்பாவாடை கட்டி அனுப்பினாள். போட்டோவில் அவள்தான் எல்லாரையும்விடப் பளிச்சென்று இருந்தாள்.

பணமும் சீட்டும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, அதில் ஒளிவுமறைவு இல்லை. சாசனத்தின் 30-ம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையின் மேல்தான் இந்தப் பள்ளிகள் நிற்கின்றன. அட்மிஷனுக்கு ஞானஸ்நான சர்டிஃபிகேட், பங்குத்தந்தையின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். சீட் சீசனில் எங்கள் பங்கில் ஞாயிறு பூசைக்கு வரும் இளம் தம்பதிகள் திடீரென்று பெருகுவதைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு இந்தப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் அவர்களை விட்டுவிட்டது. அதனால் ஏழைப் பிள்ளையைச் சேர்ப்பது அவர்கள் மனசாட்சியைப் பொறுத்தது என்று ஆனது. சில பள்ளிகளின் மனசாட்சி வேலை செய்கிறது.

இனி தமிழ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் பங்கு பாவமும் இதில் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் இங்கிலீஷ் தவிர வேறு மொழி பேசினால் எட்டணா ஃபைன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தகர டப்பா. இரண்டு வருடம் அந்த டப்பாவை நானே தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பஸ்ஸுக்கு வைத்திருந்த காசை ஃபைனாகக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து போயிருக்கிறாள். மறுநாள் அவள் அம்மா வந்தாள். ரஸ்ஸல் மார்க்கெட் வாசலில் பூ விற்பவள். சண்டை போடவில்லை. "மிஸ், நீங்களும் என்கிட்ட தமிழ்லதானே பேசறீங்க, உங்களுக்கு யாரு ஃபைன் போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு முழம் மல்லிகையை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை. மாதா படத்துக்குப் போட்டேன். டப்பாவை மட்டும் அடுத்த ஜூன் வரை தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை.

அதற்கு அப்புறம் கொஞ்சம் படித்தேன், படிக்கப் படிக்க வெட்கம் கூடியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தம்பிரான் வணக்கம். 1578-ல், கொல்லத்தில். அது என்ன புத்தகம்? கத்தோலிக்க மறைக்கல்வி நூல். தயாரித்தவர் அன்றிக்கே அன்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு. சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவரும் அதே சபை. லத்தீனை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளையின் வீட்டு மொழியில் தொடங்கியவர் தெலசால். இந்தப் பாரம்பரியத்தைச் சுமப்பதாகச் சொல்லிக்கொண்டு, வீட்டு மொழியைப் பேசிய பிள்ளையிடம் எட்டணா பிடுங்கினோம். வெள்ளைக்காரக் குருக்கள் தமிழ் கற்றார்கள். தமிழச்சியாகிய நான் தமிழுக்கு ஃபைன் போட்டேன்.

இப்போது அந்த டப்பாக்கள் அநேகமாக இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு ஸ்கூலில் தமிழ் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கர்நாடகத்தின் 2015-ம் வருடச் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம். அது நியாயமானதுதான். இந்த ஊரில் வாழ்கிற பிள்ளைக்குக் கன்னடம் வேண்டும். ஆங்கிலம், கன்னடம், அப்புறம் இந்தி என்று வரிசை நிரம்பிவிடும். அந்தக் கால பங்குப் பள்ளிகளின் தமிழ் மீடியம் ஒவ்வொன்றாக இங்கிலீஷ் மீடியமாக மாறியதற்கு அரசாங்கத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளைச் சேர்க்காமல் விட்டவர்கள் நாம்தான். தமிழை வீட்டில்தான் சொல்லித்தர வேண்டும். ராத்திரி படுக்கும் முன் இருபது நிமிடம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்று போதும். மாமியாரிடம் இந்த வேலையைக் கொடுங்கள், பயப்பட அவருக்கு நேரமிருக்காது.

பிரின்சிபாலைப் பார்க்கும்போது 'உங்கள் விழுமியங்கள் என்ன' என்று கேட்காதீர்கள். மனப்பாடமாகச் சொல்வார்கள். பிள்ளை வீட்டு மொழியில் பேசினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பொட்டு, பூ, வளையல், மருதாணிக்கு என்ன விதி என்று கேளுங்கள். சில இடங்களில் கெடுபிடி உண்டு. தீபாவளிக்கு மறுநாள் மருதாணிக் கையோடு வந்த பிள்ளை வெளியே நின்ற கதை உங்களுக்கு வேண்டாம். படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்குத் தனியாக டீச்சர் இருக்கிறாரா, ஃபீஸ் தாமதமானால் பிள்ளையிடம் சொல்வீர்களா, பெற்றோரிடம் சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் ஊரில் ஃபீஸ் கட்டாத பிள்ளையின் பெயரை அசெம்பிளியில் வாசித்த பள்ளிகளும் இருந்தன. யாருக்கும் தெரியாமல் தன் சபைப் பணத்திலிருந்து கட்டிய சிஸ்டரும் இருந்தார். அவர் இறந்த பிறகு ரசீதுக் கட்டைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

முடிந்தால் பன்னிரண்டரை மணிக்கு, லஞ்ச் பெல் அடிக்கும் நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். காரிடாரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் பிரின்சிபால் சொல்லாததெல்லாம் தெரியும். பிள்ளைகள் ஆயாம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார்கள், கீழே விழுந்த பிள்ளையிடம் யார் முதலில் ஓடுகிறார்கள், டிபன் கொண்டுவராத பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். என் பள்ளியில் சாப்பாட்டு செபம் முடிந்ததும் 'பக்கத்துல பாருங்க' என்று ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு ஒரு வாய் டிபன் மூடியில் வைத்து நகர்த்துவார்கள். லெமன் ரைஸ், சப்பாத்தி, புட்டு, முட்டை எல்லாம் ஒரே மூடியில்.

நீங்கள் சைவம் என்றால் முதல் நாளே வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். டிபன் பாக்ஸிலும் மூடியிலும் பெயர் எழுதி அனுப்புங்கள். பாக்ஸ் திரும்பி வந்துவிடும், மூடிதான் வேறு வீட்டுக்குப் போய்விடும்.